ஸ்பேனரும் கையுமாக

“கோப்பையை ஜெயிச்சது இவ இல்ல, இவளோட ரேஸ் சைக்கிள். அத்தனை விலை குடுத்த வண்டியில நான் ஏறி உக்காந்திருந்தாக்கூட ஜெயிச்சிருப்பேன்!”

போன வருடம் அண்ணன் ஊரைக் கூட்டிச் சிரித்தது தங்கையின் நெஞ்சில் முள்ளாகத் தைத்திருந்தது.

இந்த வருடப் போட்டிக்கு அந்த சைக்கிளை அவனே கேட்டான். மறுபேச்சில்லாமல் சம்மதித்தாள். ஆனால் கொடுக்கும் முன், பகல் முழுக்க ஸ்பேனரும் கையுமாக அதனடியிலேயே கிடந்தாள்.

அண்ணி பக்கத்தில் வந்து குந்தினாள். “பழி வாங்குறேன்னு ஏதாச்சும் பண்ணிடாதடி. எனக்கு இருக்கிறது ஒரே புருஷன்.”

“பயப்படாதீங்க அண்ணி, உயிருக்கு ஒண்ணும் ஆகாது” என்றாள், நட்டைத் திருகியபடி.

போட்டியில் அண்ணன் கடைசியாக வந்தான். எல்லைக்கோட்டைத் தாண்டியதும் சைக்கிளைக் கீழே போட்டான்.

“வண்டியில என்னமோ பண்ணிட்டா! பிரேக் பிடிச்சுக்கிட்டே வருது!”

போட்டி மெக்கானிக் எல்லார் முன்னாலும் சக்கரத்தைச் சுற்றிவிட்டார். அது நிற்காமல் சுழன்றது.

“இவ்வளவு கச்சிதமான வண்டிய இன்னிக்கு நான் பாக்கவே இல்ல” என்றார்.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

அண்ணி அவள் காதைக் கடித்தாள். “அப்போ நாள் பூரா என்னதான்டி பண்ணின?”

“அண்ணன் சாக்குச் சொல்ல ஒரு நட்டைக்கூட மிச்சம் வைக்கல, அண்ணி.”