நூலகத்தில் ஓடிய நிரல்

மார்ஷல் நகர நீதிமன்ற வாசலில் வெர்னனின் டையைச் சரிசெய்தாள் மனைவி அடீல்.

"இன்னும் நேரம் இருக்கு, வெர்ன். வீட்டுக்குப் போயிடலாமா?"

"போயிட்டா கோரின் கதி?"

கோரின், பேச்சு வராத குழந்தைகளுக்கான செயலி செய்பவள். ஓரெழுத்தைத் தட்டினால் சொல்லை ஊகித்து அது பேசும். அந்த உத்திக்கான காப்புரிமை தங்களுடையது என்று ஒரு பெரிய நிறுவனம் அவள்மீது வழக்குப் போட்டிருந்தது.

வெர்னன் சாட்சி சொன்னார்.

"காப்புரிமை கேட்டு எழுதிப் போடறதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே, இதே உத்தியில செஞ்ச கணினி நிரலை ஊர் நூலகத்துல எல்லார் முன்னாலயும் ஓட்டிக் காட்டியாச்சுங்க. வீடியோ இருக்கு."

திரையில், தொண்டையில் கட்டுப் போட்ட இளம்பெண் ஒருத்தி எழுத்தைத் தட்ட, கணினி பேசியது. கூட்டம் கைதட்டியது.

விண்ணப்பிக்க ஓராண்டுக்கு முன்பே பொதுவில் காட்டியதற்குக் காப்புரிமை கிடையாது என்பதால், அது செல்லாது என்று தீர்ப்பானது.

வெளியே கோரின் அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"சார், அவங்க உங்ககிட்ட வாங்கின காப்புரிமைதானே அது! கண்டுபிடிச்சவர்னு உங்க பேர்தானே இருந்துச்சு! அதை நீங்களே செல்லாம ஆக்கிட்டீங்களே!"

வெர்னன் அடீலைக் காட்டினார். "தொண்டை ஆபரேஷனுக்கப்புறம் இவ பேச முடியாம தவிச்சப்ப, இவளுக்காகச் செஞ்சதும்மா. இன்னொருத்தர் பேசறதைத் தடுக்கவா செஞ்சேன்?"

அடீல் அவர் கையை இறுகப் பற்றிக்கொண்டாள்.