இருபத்திரண்டு வளையங்கள்

"இவங்களுக்குக் கழுத்து வலிக்காதாங்க?"

"தாலியோட தூங்குறியே, வலிக்குதா? இது புருஷன் போட்ட வளையம். அவன் செத்தாத்தான் கழட்டுவாங்க."

தென்னாப்பிரிக்காவில் தான் எடுத்த நிடெபெலே இனப் பெண்ணின் படத்தை, உடையார்பாளையம் வீட்டில் மாட்டியபோது கலைச்செல்வன் தன் மனைவி தென்றலிடம் சொன்னது அது. மறுநாளே அங்கு வேலைக்குத் திரும்பியவன், ஒன்பது வருடமாக வரவில்லை. ஞாயிறுதோறும் பத்து மணிக்குப் பேசுவான்.

தென்றல் தினமும் படத்தைத் துடைத்து, பித்தளை வளையங்களை எண்ணுவாள். இருபத்திரண்டு.

இந்த ஞாயிறு படத்தில் ஒரு வளையம்கூட இல்லை. அந்தப் பெண்ணின் கழுத்தில் வெயில் படாத தோல் வெளுத்துத் தெரிந்தது. பின்னால் அவள் வண்ணம் தீட்டிய சுவர் அப்படியே இருந்தது.

பத்து மணிக்கு செல்போன் அடித்தது.

"சாப்பிட்டியா, தென்றல்?" அவன் குரல்தான்.

தாலியைப் பிடித்துக்கொண்டு, ஒன்பது வருடமாகக் கேட்காததைக் கேட்டாள்.

"எப்படி இருந்தாலும் பரவால்லங்க. வூட்டுக்கு வந்துடுங்க."