காலை எட்டு மணிப் பொருத்தம்

"ரேம் கூட்டுறது காசுக்குப் புடிச்ச கேடு அங்கிள். வேணாம்லா."

வீரப்பனுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. புக்கிட் காத்திலில் இருபது வருடமாகத் திருமணத் தகவல் நிலையம் நடத்துகிறவர் அவர். சர்வருக்கு எதை வாங்கிப் போடுவது என்று ஒரு வாரமாக மண்டையைக் குடைந்துகொண்டிருந்தார். கம்ப்யூட்டர் பார்க்க வந்த திவ்யதர்ஷினியோ, பட்டியலில் முதல் வரியையே அடித்துவிட்டாள்.

"அப்புறம் ஏம்மா காலையில எட்டு மணியானா சர்வர் படுத்துக்குது? ஒரு ஜாதகம் பாக்க கால் மணி நேரம். வர்றவங்கள்லாம் பாயா ரும்புட்ல வேற எடத்துக்குப் போயிடறாங்க."

"உங்க டேட்டா மொத்தமும் இருக்கற மெமரில பாதிகூட இல்ல. இன்னும் போட்டா சும்மா கெடக்கும். ப்ராசசரும் பாதி நேரம் தூங்குது. ஹார்ட் டிஸ்க்தான் பழசு. அத மட்டும் வேகமான எஸ்எஸ்டி டிஸ்க்கா மாத்தலாம்."

"அப்ப மாத்திடு!"

"இருங்க அங்கிள். எட்டுலேருந்து ஒம்போது வரைக்கும் மட்டும் டிஸ்க் ஏன் இப்படி அடிச்சுக்குது? அதக் கண்டுபிடிக்காம எதப் போட்டாலும் பிரயோஜனம் இல்ல."

அவள் திரையை உருட்டினாள். வீரப்பன் உட்காரவும் இல்லை, நிற்கவும் இல்லை. வாசலுக்கும் மேசைக்கும் நடந்துகொண்டே இருந்தார். தே தாரிக் தேநீர் ஆறிப் போயிருந்தது.

"அங்கிள், இங்க பாருங்க. ஒரு மாசமா தினமும் ஒரே ஜாதகம். வயசு, ஊரு, எதையும் வடிகட்டாம பதினோராயிரம் பேரோட பத்துப் பொருத்தமும் பாத்து, அத்தனையும் டிஸ்க்குல எழுதுது. இதான் உங்க எட்டு மணி வியாதி."

"யாரு இந்த வேலை பாக்கறது? ஜெயமணியா?"

"இல்ல." திவ்யதர்ஷினி தயங்கினாள். "ஷாந்தினி அக்கா லாகின்."

வீரப்பனின் நடை நின்றது.

வாடிக்கையாளர் ஜாதகமெல்லாம் பார்ப்பது ஜெயமணி. மகள் ஷாந்தினிக்குக் கடிதமும் போனும்தான் வேலை. அவள் எதற்குப் பொருத்தம் பார்க்க வேண்டும்? அதுவும் யாருக்கும் சொல்லாமல், கதவைச் சாத்திக்கொண்டு?

இன்னும் மூன்று வாரத்தில் அவளுக்கே கல்யாணம். சிம்பாங் அம்பாட் வரை பத்திரிகை கொடுத்தாகிவிட்டது. மாப்பிள்ளை ஷங்கர் தங்கமான பையன். சிரம்பானில் வீடுகூடப் பார்த்து வைத்துவிட்டான். அவனைப் பிடிக்காமல், கடைசி நேரத்தில் வேறு ஒருவனைத் தேடுகிறாளா? பெண்ணிடம் வாய்விட்டுக் கேட்காமல் நிச்சயம் பண்ணிவிட்டோமோ? அவள் அம்மா உயிரோடு இருந்திருந்தால் பக்குவமாக விசாரித்திருப்பாள்.

மகளுக்குப் போன் போட்டார். அவள் தையல் கடையில் இருந்தாள்.

"ஷாந்தினி, சர்வர மாத்தலாம்னு..."

"ஐயோ, இப்ப வேணாம்பா! கல்யாணம் முடியற வரைக்கும் அதத் தொடாதீங்க. ப்ளீஸ்." அவள் குரலில் பதற்றம். "சரி, நீங்க சாப்டீங்களா?"

"அதெல்லாம் ஆச்சு." வெறும் வயிற்றோடு பொய் சொல்லிவிட்டுப் போனை வைத்தார். சந்தேகம் உறுதியாகிவிட்டது.

"அந்த ஜாதகம் யாரோடதும்மா?"

"எனக்கு நம்பர் மட்டும்தான் காட்டுது. கஸ்டமர் விவரத்த நான் தொறக்கக்கூடாது. நீங்களே பாருங்க."

திவ்யதர்ஷினி நாற்காலியை விட்டு எழுந்து நாசூக்காக வெளியே போய்விட்டாள். வீரப்பன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். கல்யாணத்தை நிறுத்த வேண்டி வந்தால் ஷங்கர் வீட்டில் என்னவென்று சொல்வது என்று யோசித்தபடியே அந்த எண்ணைத் தட்டினார்.

பழைய டிஸ்க் முனகி முனகிப் பக்கத்தைத் திறந்தது.

பெயர்: வீரப்பன். வயது: ஐம்பத்தெட்டு. மனைவியை இழந்தவர். எதிர்பார்ப்பு: நான் சிரம்பான் போன பிறகு அப்பா தனியாக உட்கார்ந்து சாப்பிடக் கூடாது.