நட்பு நாட்டுக்குக் கடன்

"அஞ்சு வருஷத்துக்கு நீங்க அசல் பக்கமே திரும்பிப் பாக்க வேண்டாம். எந்த பேங்க்ல குடுப்பான் இப்படி?" என்றார் சகாயநாதன்.

எதிரே மகள் ஜூடித்தும் மருமகன் ரோனியும் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்கள்.

சகாயநாதன் டெல்லியில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்தவர். ஏழை நாடுகள் அணை கட்டவும் ரயில் பாதை போடவும் குறைந்த வட்டியில் கடன் கொடுக்கும் பிரிவு அது. ஓய்வு பெற்று மைசூர் பன்னிமண்டபத்து வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பிரிவு மட்டும் அவரை விட்டு ஓய்வு பெறவில்லை.

ஜூடித் ஆஸ்பத்திரி லேபில் வேலை செய்பவள். நஞ்சன்கூட்டில் சொந்தமாக ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம் வைக்க வேண்டும் என்பது அவள் கனவு. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கடை கூடப் பார்த்தாயிற்று. திங்கட்கிழமைக்குள் அட்வான்ஸ் கொடுக்காவிட்டால் ஒரு பேக்கரிக்காரர் எடுத்துக்கொண்டு விடுவார். பேங்கில் அடமானம் கேட்டார்கள். அடமானம் வைக்க ரோனியின் ஸ்கூட்டர்தான் இருந்தது.

"மாமா, சும்னே, சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேக்குறேன், கோச்சுக்காதீங்க. பெத்த பொண்ணுக்கே வட்டியா?" என்றான் ரோனி.

"ஒண்ணே முக்கால் பர்சன்ட்டுக்கு வட்டின்னு பேரு வைக்காதப்பா. அதுக்குப் பேரு சலுகை. வளர்ற நாட்டுக்கு நாங்க எப்பவும் அப்படித்தான்."

"எந்த நாடு?"

"நீங்கதான்."

ரோனி மனைவியைப் பார்த்தான். அவள் மேஜைக்கடியில் அவன் காலை மிதித்தாள்.

"ஆனா ஒரு கண்டிஷன்" என்றார் சகாயநாதன். "வாங்குற சாமான்ல முக்கால்வாசி கடன் குடுக்குற நாட்டுலேருந்துதான் வாங்கணும். நம்ம பழைய ஃப்ரிட்ஜ் இருக்கு. ரத்தம் வைக்கலாம்."

"டாடி, அதுக்குக் கதவே மூடாது."

"செங்கல் முட்டுக் குடு. அப்புறம் அந்தச் சுத்துற நாற்காலி."

"அது ஒரு பக்கம்தான் சுத்தும் மாமா."

"பேஷன்ட்டு எத்தனை பக்கம் சுத்தணும்? ரத்தம் குடுக்கத்தானே வர்றான்!"

உள்ளேயிருந்து காபி கொண்டு வந்த அம்மா ஜூலி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சகாயநாதன் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அடுத்தது, மேற்பார்வைக்கு வெளிநாட்டு நிபுணர் வருவார்."

"யாரு டாடி?"

"நான்தான். ஞாயித்துக்கிழமை தோறும். பஸ் செலவு, மத்தியானச் சாப்பாடு, மட்டன், எல்லாம் கடன் வாங்குன நாட்டோட பொறுப்பு."

"வாராவாரம் மட்டனா? வளர்ற நாடு அதோட படுத்துரும் மாமா."

"கடைசியா, வாசல்ல போர்டு. 'சகாயநாதன்–ஜூடித் நட்புறவு ரத்தப் பரிசோதனை நிலையம்'. என் பேரு கொஞ்சம் பெருசா."

ரோனி எழுந்துவிட்டான். "வா ஜூடி, போலாம். பேக்கரிக்காரன் நல்லா இருக்கட்டும்."

ஜூடித் அவன் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள். "சும்மா இருங்க. வேற யாரு குடுப்பாங்க நமக்கு? சரி டாடி, எல்லாத்துக்கும் சம்மதம். ஃப்ரிட்ஜை நாளைக்கே வண்டி வெச்சு எடுத்துக்கறோம்."

சகாயநாதன் முகம் மலர்ந்தது. பீரோவிலிருந்து பணக்கட்டை எடுத்து வந்தார். உடனே கொடுத்துவிடவில்லை. "கை குலுக்கணும். போட்டோ எடுக்கணும். அதுதான் முறை" என்று ஜூலியிடம் போனை நீட்டினார். இரண்டு நாடுகளும் கை குலுக்கின. ரோனியைச் சிரிக்க வைக்க மட்டும் மூன்று போட்டோ தேவைப்பட்டது.

பணத்தை வாங்கிய ஜூடித்தின் கண் கலங்கிவிட்டது. "வாயக் கட்டி வயித்தக் கட்டிச் சேத்த பணம். எனக்காகத் தூக்கிக் குடுத்துட்டீங்க. இதை நான் மறக்கவே மாட்டேன் டாடி."

"பெரிய நாடுன்னா சின்ன நாட்டைத் தூக்கி விடணும்மா" என்றார் சகாயநாதன் தழுதழுத்து.

ஸ்கூட்டர் தெருமுனை திரும்பியதும் ஜூலி கதவைச் சாத்தினாள்.

"உங்களுக்கே இது நல்லா இருக்கா? அவ வேலைக்குப் போன நாள்லேர்ந்து கல்யாணம் வரைக்கும் மாசாமாசம் வீட்டுச் செலவுக்குன்னு என் கையில குடுத்த சம்பளம்தானே அது? உன் பணம்தாம்மான்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"பைத்தியமா உனக்கு?" என்றார் சகாயநாதன், போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தபடியே. "பணம் யாருதுன்னு சொல்லிட்டு எந்த நாடாவது கடன் குடுக்குமா?"