பதினேழாவது தாள்

காலையிலேயே அவளுக்குக் கோபம் தலைக்கேறியிருந்தது.

மேசையில் மோனிஷாவின் டி.சி. கிடந்தது. எல்லாம் நிரப்பியாகிவிட்டது. வகுப்பாசிரியையான அவள் கையெழுத்து மட்டும் பாக்கி. பத்தரைக்குள் போட்டு அனுப்பும்படி தலைமையாசிரியை சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

நாலாம் வகுப்பில் தினமும் தாமதமாக வருவது மோனிஷா ஒருத்திதான். அவளால் பள்ளியின் வருகைப் பதிவே கெடுகிறதாம்.

பொங்கல் முடிந்த கையோடு, மோனிஷா வீட்டோடு சேர்த்து ஆற்றோரத்து வீடுகளை இடித்தார்கள். ஒரு லாரிக்கு நாலு குடும்பம். நகரத்துக்கு வெளியே எட்டாவது மாடியில் வீடு. அங்கேயுள்ள பள்ளியில் இடமில்லை, ஜூனில் வா என்றுவிட்டார்கள்.

இங்கே டி.சி. கொடுத்துவிட்டால் ஜூன் வரை அந்தப் பிள்ளை எங்கே போய் உட்காரும்?

தலைமையாசிரியையிடம் கேட்டுப் பார்த்தாகிவிட்டது. மேலே கேட்கிறார்கள் என்பதுதான் பதில். அந்த மேலே எங்கே இருக்கிறது என்று எந்த மேப்பிலும் போட்டிருக்கவில்லை.

பத்து மணிக்கு மோனிஷா வாசலில் வந்து நின்றாள். சட்டை கசங்கி, ஒரு பக்கச் சடை அவிழ்ந்து.

நேற்றைய வீட்டுப்பாடம், வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியை வரைவது. நூறு காலடிக்கு ஒரு கட்டம். ஒரே தாள். மற்ற பிள்ளைகள் பால் பூத்து, டாஸ்மாக், கடிக்கிற நாய் எல்லாம் போட்டுக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார்கள்.

மோனிஷா நேற்றே இன்னொரு தாள் கேட்டாள். ஒரு தாளில் அடக்கத் தெரியாதா என்று எரிந்து விழுந்தவள் இவள்தான்.

மோனிஷா பையிலிருந்து ஒரு சுருளை எடுத்துத் தரையில் விரித்தாள். கணக்கு நோட்டிலிருந்து பிய்த்து, சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டிய தாள்கள். பெஞ்சுகளை நகர்த்த வேண்டியிருந்தது. கரும்பலகைக்கு அடியில் தொடங்கியது கடைசி வரிசை வரை போனது.

பதினாறு தாள்.

பஸ்ஸில் வருகிறவள் அடியை எப்படி எண்ணினாள் என்று இவள் கேட்டாள்.

"பழைய வீட்லேர்ந்து ஸ்கூலுக்கு ஒரு ஸ்டாப்பு மிஸ். நடந்தா பத்து கட்டம். அதான் ஸ்டாப்புக்குப் பத்து பத்தா போட்டேன்."

ஆசிரியை மண்டியிட்டு அந்த வழியோடு நகர்ந்தாள்.

ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் பெயர் எழுதியிருந்தது. முதல் பஸ்ஸில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். இரண்டாவது பஸ்ஸிலும் நின்றுகொண்டிருந்தாள். பஸ் மாறும் இடத்தில் ஒரு கக்கூஸ். அதன் கதவில் கதவைவிடப் பெரிய பூட்டு.

ஆற்றோரத்தில், நாற்பதாவது ஸ்டாப்போடு தாள் முடிந்தது. அங்கே ஒரு வீட்டை வரைந்து அழித்திருந்தாள். ரப்பர் தேய்த்த இடம் ஓட்டையாகியிருந்தது.

பள்ளிக்கூடம் இல்லை.

நோட்டு தீர்ந்துவிட்டதாம். இன்னும் பத்தே பத்து கட்டம்தானாம்.

இவளுக்கு அழுகை வரவில்லை. பற்றிக்கொண்டு வந்தது. இடித்தவர்கள் மீதும், மேலே கேட்கிறவர்கள் மீதும். ஒரே தாள் என்று சொன்ன தன் வாய் மீது இன்னும் அதிகமாக.

ஆயா வந்து வாசலில் நின்றாள். பெரிய மிஸ் அந்தக் காகிதத்தைக் கேட்கிறாராம். பத்தரை ஆகிவிட்டது.

அவள் எழுந்து டி.சி.யை எடுத்தாள். திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெறும் வெள்ளை. ஸ்கேலை வைத்து நிதானமாகக் கட்டம் போட்டாள். ஆயா பார்த்துக்கொண்டே நின்றாள்.

பிறகு தரையில் உட்கார்ந்து, பதினாறாவது தாளின் ஓரத்தில் அதை ஒட்டினாள். பென்சிலை மோனிஷாவிடம் நீட்டினாள்.

"ஸ்கூலை நல்லாப் பெருசாப் போடு."