நல்லா உதிர்ற பிஸ்கட்

"மேடம், நீங்க போட்டுக் குடுத்த டிக்கெட்ல ஒரு தப்பு இருக்கு. நடுவுல ரெண்டு மணி நேரந்தான் நிக்குது."

விமான டிக்கெட் போடும் அந்த அலுவலகத்தில் அவளுக்குச் 'சுருக்குவழி' என்று பட்டப்பெயர். எத்தனை கடல் தாண்டிப் போகிற பயணமானாலும், நடுவில் விமானம் மாறக் காத்திருக்கும் நேரத்தை இரண்டு மணிக்குள் அடக்கிவிடுவாள். அதுவும் சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் என்றால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடுவாள். எதிரே உட்கார்ந்திருந்தவருக்கு ஐந்து வயதில் ஒரு பெண், மூன்று வயதில் ஒரு பையன். அவருக்காக நேற்று மதியச் சாப்பாட்டையே தள்ளிப்போட்டுத் தேடியிருந்தாள்.

"அது தப்பில்ல சார். அந்த டிக்கெட்டோட அழகே அதுதான்."

"எனக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல வேணும் மேடம். காலைல ஆறு மணிக்கு முன்னாடி இறங்கணும். மத்தியானம் ரெண்டுக்கு அப்புறந்தான் கிளம்பணும். அது கிடைக்கலேன்னா இந்த வழியா போறதுல அர்த்தமே இல்ல."

கெஞ்சுகிற குரல்தான். ஆனால் பிடித்த பிடியை விடுகிற ஆளாகத் தெரியவில்லை.

"சரி, ஓட்டல் ரூம் போடட்டுமா?"

"வேணாம். வெளிய போக எங்களுக்கு விசா கிடைக்காது. உள்ளேயே இருந்துக்கறோம்."

"அப்ப சோபா, சாப்பாடு எல்லாம் வச்ச லவுஞ்ச் இருக்கு..."

"அதுவும் வேணாம். நாற்பதாம் நம்பர் கேட்டுக்கு எதிர்ல நாற்காலி போட்டிருப்பாங்களாம். அது போதும்."

ஜன்னலோர இடம் கேட்டவர்களை அவள் பார்த்திருக்கிறாள். மாமியாருக்கு நாலு வரிசை தள்ளி இடம் கேட்டவர்களையும் பார்த்திருக்கிறாள். இரண்டு வாண்டுகளை வைத்துக்கொண்டு எட்டு மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலி கேட்டவரை இன்றுதான் பார்க்கிறாள்.

"சார், நான் ரெட்டைப் பிள்ளை பெத்தவ. ஒரு தடவை அதுங்களோட மூணு மணி நேரம் மாட்டிக்கிட்டேன். இன்னிக்கு வரைக்கும் அந்த ஏர்போர்ட் வழியா யாருக்கும் டிக்கெட் போடறதில்ல."

"பரவாயில்ல மேடம்."

பெருமூச்சு விட்டுவிட்டுத் தேடினாள். பத்து மணிக்கு இறங்கும் விமானம் ஒன்று இருந்தது. "பத்து மணின்னா நாலு மணி நேரம் வீணாயிடுமே" என்று நகை தொலைந்தவர் மாதிரி பதறினார். ஐந்து மணிக்கு வேறொன்று இருந்தது, ஆனால் இரண்டாவது டெர்மினல். "ஒண்ணாவதுதான் வேணும்" என்றார்.

இதற்குள் பையன் கையிலிருந்த பிஸ்கட் உடைந்து தரையில் சிதறியது. அவர் சட்டென்று மேஜைக்கு அடியில் குனிந்து, துணுக்கு விடாமல் பொறுக்கி ஒரு காகிதத்தில் மடித்துக்கொண்டார்.

"கீழ கொட்டக் கூடாதுன்னு சொன்னேன்ல? கூட்டுறவங்களுக்கு முதுகு வலிக்காதா?"

"இங்க இல்லடா, அங்க போய்" என்று தம்பியின் காதில் ரகசியம் சொன்னாள் அக்காக்காரி.

கடைசியில் ஒன்று சிக்கியது. ஐந்து இருபதுக்கு இறங்கி இரண்டு நாற்பதுக்குக் கிளம்பலாம், அதுவும் ஒன்றாவது டெர்மினலில். அவர் முகம் மலர்ந்துவிட்டது. அவளுக்கோ மனசாட்சி உறுத்தியது.

"பிள்ளைங்களோட அம்மா கூட வரலையா சார்?"

"அவங்களுக்கு லீவு இல்ல மேடம்."

வீட்டில் கேட்பாரில்லாததால்தான் இந்தக் கூத்து என்று முடிவு கட்டினாள். புத்திமதியாவது சொல்லி அனுப்பலாம் என்று தோன்றியது.

"கொறிக்கறதுக்கு உதிராத பிஸ்கட்டா வாங்கிட்டுப் போங்க."

"நானே கேட்கணும்னு இருந்தேன். எது நல்லா உதிரும் மேடம்?"

"உதிராதது எதுன்னு கேக்கறீங்களா?"

"இல்ல, உதிர்றதுதான். தொட்டாலே பொலபொலன்னு கொட்டணும்."

அவள் பிள்ளைகள் இருவரையும் ஒருமுறை பரிதாபமாகப் பார்த்தாள். பிறகு, நடுவழியில் நெடுநேரம் தங்குகிறவர்கள் நிரப்பும் படிவத்தை அவர் பக்கம் தள்ளினாள். அந்த ஊரில் தெரிந்தவர் யாராவது இருந்தால் விவரம் எழுத வேண்டும். எப்படியும் காலியாகத்தான் வரும் என்று நினைத்தாள்.

அவர் நிதானமாக நிரப்பிக் கொடுத்தார். உறவு: குழந்தைகளின் தாய். வேலை: விமான நிலையத் துப்புரவு. இடம்: ஒன்றாவது டெர்மினல், நாற்பதாம் நம்பர் கேட் பக்கம். நேரம்: காலை ஆறு முதல் பகல் இரண்டு.

அவள் அதை இரண்டு தரம் படித்தாள்.

"நேர்ல பார்த்து எவ்வளவு நாளாச்சு சார்?"

"ரெண்டு வருஷம். சின்னவனுக்கு போன்ல பார்த்த முகந்தான். அவங்க காண்ட்ராக்ட் முடிய இன்னும் ஒரு வருஷம் இருக்கு. எனக்கு இப்ப வேற நாட்டுல வேலை கிடைச்சிருச்சு, இவங்களையும் கூட்டிட்டுப் போறேன்."

சுருக்குவழி தேடிக் கொடுத்ததற்காக அவள் முதல் தடவையாக வெட்கப்பட்டாள்.

"எட்டு மணி நேரமும் அம்மா கூடவே இருக்கட்டும் சார், நல்லா இருக்கட்டும்."

"வேலை நேரத்துல பயணிகளோட நின்னு பேசினா வேலை போயிடும் மேடம். ரெண்டு மணி ஆனதும் அவங்களைக் கம்பெனி பஸ்ல ஏத்திடுவாங்க" என்றார் அவர், மடித்த காகிதத்தைச் சட்டைப் பையில் வைத்தபடி. "எங்கேயாவது கீழ கொட்டிக் கிடந்தா மட்டும், அதைக் கூட்டி முடிக்கிற வரைக்கும் அந்த இடத்துல நிக்கலாமாம். எட்டு மணி நேரத்துக்கு ரெண்டு கிலோ பிஸ்கட் பத்துமா மேடம்?"