ஏற மறுத்த கோப்பு

"அலெக்சாந்திரியா அலுவலகத்துக்கு வந்து வேலை செய், இல்லையேல் வேலையே இல்லை" என்று மேலாளர் ஷவ்கி எச்சரித்தும், கணினிக் கோளாறுகளைச் சரிசெய்யும் நெர்மீன், மன்சூரா நகரிலிருந்த தன் வீட்டை விட்டு நகர மறுத்துவிட்டாள். மூன்றாம் நாள் காலையில் அவரே தொலைபேசியில் அழைத்தார்.

"கெய்ரோவுக்கு ஒரு கோப்பு அவசரமாப் போகணும்மா. கிளவுடுல ஏறவே மாட்டேங்குது. முதலாளியம்மா காத்துக்கிட்டிருக்காங்க."

"ஆபீஸ்லயே அத்தனை பேர் இருக்காங்களே, உஸ்தாத்?"

"இருக்காங்க, டீ குடிக்க! நீ பாரு."

"திரையில 'அனுமதி'ன்னு வரும், அழுத்துங்க."

அழுத்தினார். அவருடைய திரை அவள் மடிக்கணினியில் விரிந்தது. ஏற மறுத்த கோப்பு திறந்தே கிடந்தது.

"அதைப் படிக்காதே, ரகசியம்!"

"கோளாறு எங்கேன்னுதான் பாக்கறேன், உஸ்தாத்."

கோப்பை மூடினாள், நிரம்பி வழிந்த சேமிப்பிடத்தைக் காலிசெய்தாள், அறுந்திருந்த இணைப்பை மீண்டும் பொருத்தினாள். பத்தே நிமிடத்தில் கோப்பு ஏறியது.

"அடேயப்பா! நீ கை வச்சாப் போதும்!"

"முதலாளியம்மா திறந்துட்டாங்க."

"அதுக்குள்ளயா? சரி, நான் வச்சிடறேன்."

"ஒரு நிமிஷம், உஸ்தாத். 'வீட்டிலிருந்தபடி எந்தக் கோளாறையும் தீர்க்க இயலாதவர் என்பதால் நெர்மீன் பணிநீக்கம் செய்யப்படுகிறார்'னு அந்தக் கோப்புல எழுதியிருக்கீங்க. உங்க கணினியை இன்னிக்கு யார், எந்த ஊர்லேர்ந்து சரிபண்ணினாங்கன்னு காட்டற பதிவையும் பக்கத்துலயே ஏத்தியிருக்கேன்."

"அதை எடு! உடனே எடு!"

"எடுக்க மாட்டேன். அதையும் இப்பத் திறந்துட்டாங்க."